மாமனார் வைத்துப் போன கணக்கு யந்திரம்

வத்தலக்குண்டிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் என் மேஜைமேல் இருக்கிறது. பெயரும் தெருவும் வேண்டாம் என்று கேட்டுக் கொண்டிருக்கிறார், ஆகவே போடவில்லை. விஷயம் இதுதான். அவருடைய மாமனார் பக்கத்துப் பட்டிவீரன்பட்டியில் காபிக் கொட்டை வியாபாரம் செய்த ஓர் இடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு எழுதியவர். வியாபாரத்தை மூடியபோது முதலாளி, "இதை நீங்களே வைத்துக் கொள்ளுங்கள், ஐயா" என்று ஒரு கணக்குப் போடும் யந்திரத்தைக் கொடுத்தாராம். அது வீட்டுப் பரணில் கிடந்தது. மாமனார் காலமாகி, சாமான்களைப் பாகம் பிரிக்கும் சமயத்தில்தான் கீழே இறங்கியது.

இறங்கியதோ இல்லையோ, வீட்டில் கலகம்! பழைய இரும்புக்காரர் தராசில் வைத்து, கிலோக் கணக்கில் ஒரு விலை சொன்னார். மூத்தார், "இது பழம்பொருள், லட்சக்கணக்கில் போகும்" என்றார். போதாக்குறைக்கு யாரோ ஒருவர் டெலிபோனில் பேசி, "வெளிநாட்டில் வாங்க ஆள் தயார், பரிசோதனை சர்டிபிகேட்டுக்கு முதலில் இருபதாயிரம் ரூபாய் கட்டுங்கள்" என்றிருக்கிறார். கட்டலாம் என்று ஒருவர், கூடாது என்று ஒருவர், கட்டினால் பிறகு யாருக்கு எவ்வளவு என்று ஒருவர். மூன்று ஓரகத்திகளும் பேசிக் கொண்டு பத்து நாளாகிறதாம். "இது என்ன யந்திரம்? இதன் மதிப்பு என்ன? பணம் கட்டலாமா?" என்று கேட்டு, செல்போனில் எடுத்த ஐந்து படங்களையும் அனுப்பியிருக்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லி விடுகிறேன். ஒரு காசு கட்டாதீர்கள்! உலகத்தில் எங்கேயாவது, வாங்குகிறவன் விற்கிறவளிடம் பணம் கேட்டதுண்டா? நம் ஜில்லாக்களில் 'ரைஸ் புல்லிங்' என்றும் 'இரிடியம் செம்பு' என்றும் சொல்லி, அரிசியை இழுக்கும் பாத்திரம் கோடிக்குப் போகும் என்று ஏமாற்றிய கூட்டங்களைப் பற்றி எத்தனை முறை பத்திரிகையில் படித்திருக்கிறோம்! 2009-ஆம் வருஷம் ஸௌதி அரேபியாவில் பழைய ஸிங்கர் தையல் மிஷினுக்குள் 'சிவப்புப் பாதரசம்' இருக்கிறதென்று ஒரு வதந்தி கிளம்பி, ஜனங்கள் மிஷினைத் தூக்கிக் கொண்டு கடைவீதிக்கு ஓடினார்கள். பாதரசமும் இல்லை, பரங்கிக்காயும் இல்லை. பரிசோதனைக் கட்டணம், சர்டிபிகேட் கட்டணம், சுங்கக் கட்டணம் என்று முன்பணம் கேட்கிற எவரும் யந்திரத்தை வாங்க வரவில்லை. உங்கள் பணத்தை வாங்க வருகிறார்.

அப்படியானால் பழைய இரும்புக்காரர் சொன்ன விலைதான் சரியா என்றால், அதுவும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்பதைத் தெரிந்து கொள்ள நிபுணர் வேண்டியதில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் கொண்டு, யந்திரத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் முக்கால் பங்கு உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலில் விரல் வைக்கும் இடத்தைப் பாருங்கள். முன்பக்கம் வளைந்த தகட்டில் நீள நீளமான வெட்டுகள், ஒவ்வொரு வெட்டிலும் மேலும் கீழும் நகரும் சின்னக் கொம்பு, பக்கத்தில் 0 முதல் 9 வரை எண்கள், வலது பக்கம் கைப்பிடி - இப்படி இருந்தால் அது ஓட்னர் வம்சம். ஓட்னர் என்பவர் ஸ்வீடன் தேசத்து எஞ்சினியர். ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் வேலை பார்த்தபோது 1870-களில் இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தார். உள்ளே சக்கரங்கள். ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ளே இழுத்துக் கொள்ளும் ஒன்பது பற்கள். கொம்பை 3-க்கு நகர்த்தினால் மூன்று பல் வெளியே நீட்டிக் கொள்ளும். 7-க்கு நகர்த்தினால் ஏழு. கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால், நீட்டிய பற்கள் விடைச் சக்கரத்தை அத்தனை எண் தள்ளும். அவ்வளவுதான் ரகசியம்! குடும்பத்தார் ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு ஸ்வீடனில் கோத்தன்பர்க்குக்குக் குடிபெயர்ந்து, அங்கே 'ஒரிஜினல் ஓட்னர்' என்ற பெயரில் செய்தார்கள். 1892-லேயே உரிமை வாங்கிய ஜெர்மன் கம்பெனி ஒன்று 'புருன்ஸ்விகா' என்று விற்றது. ரஷ்யர்கள் தாங்களே 'ஃபெலிக்ஸ்' என்று லட்சக்கணக்கில் செய்து தள்ளினார்கள். பெயர்ப் பலகை வெவ்வேறாக இருந்தாலும் வயிற்றுக்குள் எல்லாம் ஒன்றுதான்.

கொம்புகளுக்குப் பதில் டைப்ரைட்டர் மாதிரிப் பத்தே பத்து விசைகள் இருந்து, கைப்பிடியும் இருந்தால், பெரும்பாலும் ஃபாஸிட். அதுவும் ஸ்வீடன்தான். ஆட்விடாபெர்க் என்கிற சிறிய ஊரில், கார்ல் ரூடின் என்பவர் 1932-ல் அமைத்தது. எண்ணை வாயால் சொல்லும் வரிசையிலேயே விரலால் தட்டினால் போதும் என்பது இதன் பெருமை.

ஒரு பத்தியல்ல, பத்துப் பத்தியாகப் பலகை நிறைய விசைகள் முளைத்திருந்தால் அது அமெரிக்க வழி. காகிதச் சுருளும் இருந்து, தொகையை அச்சடிக்குமானால் பரோஸ் போன்ற கூட்டல் யந்திரம். பழையது என்றால் தூக்க இரண்டு ஆள் வேண்டும். காகிதம் இல்லாமல், விசையை அழுத்திய மாத்திரத்தில் விடை ஜன்னலில் மாறினால் காம்ப்டோமீட்டர். இந்தக் காம்ப்டோமீட்டரைப் பற்றிச் சமையலறைக்காரிகளான நாம் அவசியம் தெரிந்து கொள்ள வேண்டும். டார் ஃபெல்ட் என்ற சிகாகோ இளைஞர் 1884-85 குளிர்காலத்தில் இதன் முதல் மாதிரியைச் செய்தபோது, கையில் காசில்லை. மளிகைக் கடையில் மக்ரோனி வந்த மரப் பெட்டி, இறைச்சிக் கடைக்காரர் உபயோகிக்கும் குச்சிகள், ரப்பர் வளையங்கள் - இவற்றைக் கொண்டே செய்து விட்டார்! அந்த மக்ரோனிப் பெட்டி இன்றும் வாஷிங்டன் ஸ்மித்ஸோனியன் மியூஸியத்தில் இருக்கிறது. பிற்பாடு மேல்நாடுகளில் இந்த யந்திரத்தை ஓட்டுவதற்கென்றே பள்ளிக்கூடங்கள் ஏற்பட்டு, ஆயிரக்கணக்கான பெண்கள் அதில் தேர்ந்து ஆபீஸ் உத்தியோகத்துக்குப் போனார்கள். கணக்கென்றால் ஆண்பிள்ளை சமாசாரம் என்று சொல்லுகிறவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

நம் வத்தலக்குண்டுச் சகோதரியின் யந்திரத்துக்கு வருகிறேன். படத்தில் பத்து விசைகள். வலது பக்கம் கைப்பிடி. மேலே இரண்டு வரிசை எண் ஜன்னல்கள். பச்சையும் சாம்பலும் கலந்தாற்போன்ற வர்ணம். ஃபாஸிட்தான், சந்தேகமில்லை. ஆனால் எந்தக் காலத்து ஃபாஸிட்?

இங்கேதான் ஒரு சின்னத் துப்பறியும் வேலை. பின்பக்கத் தகட்டில் எந்த தேசம் என்று பார்க்க வேண்டும். 'மேட் இன் ஸ்வீடன்' என்றிருந்தால் கப்பலில் வந்தது. 'மேட் இன் இந்தியா' என்றிருந்தால் நம்முடைய சரக்கு. சென்னையை அடுத்த பெருங்குடியில் ஃபாஸிட் ஏஷியா என்ற தொழிற்சாலை இருந்ததைப் பலர் மறந்திருப்பார்கள். டைப்ரைட்டிங் வகுப்பில் ஃபாஸிட்டில் தட்டிப் பழகியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஜெர்மன் யந்திரமானால் இன்னொரு குறிப்பு: வெறும் 'ஜெர்மனி' என்றில்லாமல் 'மேற்கு ஜெர்மனி' என்று போட்டிருந்தால், அது 1949-க்குப் பிந்தியது, தேசம் பிரிந்ததே அந்த வருஷம்தான். 'யு.எஸ்.எஸ்.ஆர்.' என்றிருந்தால் 1991-க்கு முந்தியது.

தகட்டுக்குப் பக்கத்தில், விற்ற ஏஜெண்டு ஒட்டிய சின்ன லேபிள் இருக்கும். அழுக்கென்று நகத்தால் சுரண்டி விடுவோம். தயவு செய்து சுரண்டாதீர்கள்! ஊருக்குப் பின்னால் 'மெட்ராஸ்-2' என்கிற மாதிரி ஒற்றை எண் இருந்தால் பழைய தபால் வட்டாரம். '600 002' என்று ஆறு இலக்கம் இருந்தால் பின்கோடு. அது அமலுக்கு வந்தது 1972, ஆகஸ்டு 15. சகோதரி அனுப்பிய நாலாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்வீடன் தகடு, லேபிளில் மெட்ராஸ், பக்கத்தில் ஒற்றை எண். ஆகவே 1972-க்கு முன்னால் வந்த இறக்குமதிச் சரக்கு. அடியில் பொறித்திருக்கும் எண்ணையும் குறித்துக் கொள்ளுங்கள். கம்பெனி வாரியாக எந்த எண் எந்த வருஷம் என்று சேகரிப்பவர்கள் ஜாபிதா தயாரித்து வைத்திருக்கிறார்கள். அதில் ஓரிரு வருஷத்துக்குள் பிடித்து விடலாம்.

காபிக் கணக்குப்பிள்ளைக்கு எதற்கு இந்த யந்திரம் என்று சிலர் கேட்கலாம். வத்தலக்குண்டுப் பக்கம் பழைய கணக்கு எப்படி இருந்தது என்று சற்று நினைத்துப் பாருங்கள். ஊர்ப் பெயரே 'வெற்றிலைக்குண்டு' என்பது திரிந்ததுதான் என்பார்கள். வெற்றிலை கவுளிக் கணக்கு; காபியும் ஏலமும் மணங்கு, வீசை, பலம். மணங்குக்கு எட்டு வீசை, வீசைக்கு நாற்பது பலம். விலையோ ரூபாய், அணா, பை. ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை. இதையும் அதையும் பெருக்குவதற்கு யந்திரம் எதற்கு? எண்சுவடியை உருப்போட்ட தலை வேண்டும்! முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு, மாகாணி என்றால் 16-ல் ஒரு பங்கு என்று வாயிலே வைத்திருந்த பெரியவர்களுக்கு மேல்நாட்டுப் பல்சக்கரம் கால் தூசு. பத்துப் பத்தாக எண்ணுகிற யந்திரத்துக்கு அணாவும் பையும் பிடிபடாது, ஓர் அணாவை.0625 ரூபாய் என்று மாற்றிக் கொடுத்தால்தான் அது வாங்கிக் கொள்ளும்.

1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தது, ரூபாய்க்கு நூறு. 1958-லிருந்து கிலோவும் வந்தது. அன்றைக்குத்தான் இந்தக் கைப்பிடி யந்திரத்துக்கு நம் ஊர்க் கணக்கு மேஜையில் நியாயமான வேலை கிடைத்தது என்பது என் அபிப்பிராயம். ஆனால் வாங்குவது லேசாக இல்லை. அதே 1957-ல் அந்நியச் செலாவணி நெருக்கடி. இறக்குமதிக்கு லைசென்ஸ் கெடுபிடி. கிடைத்தவர்கள் கண் போல் வைத்துக் கொண்டார்கள். அதனால்தான் மேல்நாட்டில் குப்பைக்குப் போன பிறகும் நம் ஆபீஸ்களிலும், காலேஜ்களின் புள்ளியியல் வகுப்புகளிலும் இவை வெகுகாலம் சுற்றிக் கொண்டிருந்தன. எம்.எஸ்ஸி. புள்ளியியல் படித்த மூத்த சகோதரிகள் யாராவது இதைப் படித்தால், பிராக்டிகல் வகுப்பில் முப்பது கைப்பிடி ஒன்றாகச் சுற்றும் 'கடகட' சத்தம் காதில் கேட்டிருக்கும்.

அணா, பைக்கென்றே தனிப் பத்தி வைத்துச் செய்த கூட்டல் யந்திரங்களும் உண்டு. வலது கோடியில் ஒரு பத்தியில் 11 வரையும், அடுத்ததில் 15 வரையும் எண்கள் போனால் அதுதான். அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் எனக்கு உடனே எழுதுங்கள். 1957-க்குப் பிறகு எதற்கும் உதவாமல் போனதால், பெரும்பாலானவற்றை உடைத்து விட்டார்கள். உதவாமல் போனதே இன்று அதற்கு மதிப்பு!

சரி, யந்திரம் ஓடுகிறதா என்று பார்ப்போம். காபி அரைக்கும் கை மிஷினைச் சுற்றத் தெரிந்தவர்களுக்கு இது பிரமாதமில்லை. ஆனால் இரண்டு எச்சரிக்கை. கைப்பிடி அசையாவிட்டால் பலத்தைக் காட்டாதீர்கள். பழைய எண்ணெய் உள்ளே பிசினாக இறுகியிருக்கும், இழுத்தால் பல் போய் விடும். சுற்ற ஆரம்பித்தால் முழுச் சுற்றையும் முடியுங்கள். பாதியில் நிறுத்தித் திருப்பக் கூடாது.

முதலில் எல்லா ஜன்னலையும் பூஜ்யமாக்குங்கள். 347 கிலோ காபி, கிலோ 26 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். 347 தட்டி ஆறு சுற்று. பிறகு ஓர் இடம் நகர்த்தி இரண்டு சுற்று. மொத்தம் எட்டே சுற்று; ஒரு ஜன்னலில் 26, இன்னொன்றில் 9022. பெருக்கல் என்பது திரும்பத் திரும்பக் கூட்டுவதுதான் என்று குழந்தைகளுக்கு இதைவிடக் கண்கூடாக எந்த வாத்தியாராலும் காட்ட முடியாது. கழித்தலுக்குக் கைப்பிடியை எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். இருப்பதைவிட அதிகமாகக் கழித்து விட்டால் ஜன்னலில் ஒன்பது ஒன்பதாக வந்து நின்று, உள்ளே 'டிங்' என்று மணி அடிக்கும். வகுத்தலுக்கு அந்த மணிதான் துணை: மணி அடிக்கும் வரை கழித்து, அடித்ததும் ஒரு சுற்றுத் திருப்பி, ஓர் இடம் நகர்த்த வேண்டியது. மாதக் கடைசியில் நம் வீட்டுச் செலவுக்கும் இப்படி ஒரு மணி இருந்தால் எவ்வளவு சௌகரியம்!

எல்லாச் சக்கரமும் சரியாக இருக்கிறதா என்று ஒரே கணக்கில் பார்க்க ஒரு வழி உண்டு. 12345679 தட்டுங்கள், எட்டை விட்டுவிட வேண்டும், மறக்காதீர்கள். ஒன்பது சுற்றுச் சுற்றினால் வரிசையாக ஒன்பது ஒன்று, 111111111 வரவேண்டும். நடுவில் ஏதாவது ஒன்று பூஜ்யமாகவோ இரண்டாகவோ நின்றால், அந்த இடத்தில் கோளாறு. வாங்க வருகிறவர் முன்னால் இதைச் செய்து காட்டுங்கள். விலையை அவரே கொஞ்சம் உயர்த்திச் சொல்வார்.

இனி மதிப்பு. சகோதரிகளே, வயசானதெல்லாம் விலை உயர்ந்ததல்ல. எவ்வளவு செய்தார்கள், எவ்வளவு மிச்சம், எத்தனை பேர் தேடுகிறார்கள் - இந்த மூன்றும்தான் விலை. ஓட்னரும் ஃபாஸிட்டும் ஃபெலிக்ஸும் உலகமெங்கும் ஏராளமாகக் கிடக்கின்றன. ஆகவே நல்ல நிலையில் உள்ள ஒரு ஃபாஸிட், பழைய இரும்பு விலையைப் போல் பல மடங்கு பெறும். ஆனால் அதை விற்றுப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்ய முடியாது. ஒரு நல்ல பட்டுப் புடவை வாங்கலாம் என்று வைத்துக் கொள்ளுங்கள். அதுவும் ஓடினால், கைப்பிடி முழுசாக இருந்தால், மூடி, பெட்டி, உபயோகிக்கும் முறை அச்சிட்ட புஸ்தகம் இவை கூட இருந்தால். துருவேறி நின்று போனது என்றால் பழைய இரும்புக்காரரைவிடச் சற்று மேலே, அவ்வளவே.

விதிவிலக்குகள் உண்டு. உள்ளங்கையில் அடங்கும் உருளை, கறுப்பு நிறம், தலையில் சின்னக் கைப்பிடி - மிளகு அரைக்கும் குப்பி மாதிரி ஒன்று பழைய எஞ்சினியர் வீட்டு மேஜை டிராயரில் கிடைத்தால், சட்டென்று புடவைத் தலைப்பில் முடிந்து கொள்ளுங்கள்! அது குர்ட்டா. அதைக் கண்டுபிடித்த குர்ட் ஹெர்ட்ஸ்டார்க் வியன்னா நகரத்துக்காரர், தகப்பனார் யூதர். 1943-ல் நாஜிகள் பிடித்து புகென்வால்ட் முகாமில் அடைத்தார்கள். அவர் மனத்தில் ஒரு கணக்கு யந்திரம் இருப்பது தெரிந்ததும், "படம் போட்டு முடி, யுத்தத்தில் ஜெயித்ததும் ஹிட்லருக்குப் பரிசளிக்கலாம்" என்றார்களாம். சுற்றிலும் தினம் தினம் மனிதர்கள் மடிந்து கொண்டிருக்க, அந்த மனிதர் பென்சிலால் பல்சக்கரம் வரைந்து உயிரைக் காப்பாற்றிக் கொண்டார். 1945 ஏப்ரலில் முகாம் விடுபட்டபோது படங்களுடன் வெளியே வந்தார். 1948 முதல் 1970-களின் ஆரம்பம் வரை லீக்டென்ஸ்டைன் என்ற குட்டி நாட்டில், இரண்டு அளவிலுமாகச் சுமார் 1,40,000 குர்ட்டாக்கள் செய்தார்கள். இன்றைக்கு நல்ல குர்ட்டா ஒன்று ஆயிரம் டாலருக்கு மேல் போகிறது. ஒரு கிலோ கூட எடையில்லாதது இது! தராசில் வைத்தால் எவ்வளவு தேறும், சொல்லுங்கள்.

நூறு வருஷத்துக்கு முந்திய பித்தளை ஓட்னர், முதல் முதல் புருன்ஸ்விகா, தாமஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1820-ல் பேடண்ட் வாங்கிய நீள மரப்பெட்டி யந்திரம் - இவையும் பெரிய விலைக்காரர்கள். ஆனால் ஒரு சட்டம் குறுக்கே இருக்கிறது. 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷத்துக்குக் குறையாத பழம்பொருளை, விஞ்ஞானத்தைக் காட்டும் பொருளானாலும், தனி மனிதர்கள் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அவ்வளவு பழசு என்று தோன்றினால், தொல்பொருள் இலாகாவில் விசாரித்துவிட்டு மேலே நடவுங்கள்.

விலை எப்படித் தெரிந்து கொள்வது? இன்டர்நெட் ஏலத்தில் ஒருவர் ஐம்பதாயிரம் என்று போட்டிருந்தால் அது அவர் ஆசை. அதே பக்கத்தில் 'விற்று முடிந்தவை' என்று பார்க்க வழி இருக்கிறது, அதுதான் விலை. புடவைக் கடையில் சீட்டில் போட்டிருப்பதும் நாம் கொடுத்து விட்டு வருவதும் ஒன்றா? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு கடைக்குப் போதாது. மூன்று கடையில் கேளுங்கள். கடைக்காரர் லாபம் வைத்து விற்க வேண்டியவர். அவர் சொல்வது விற்கும் விலையில் பாதியாக இருந்தாலும் அது அநியாயமில்லை.

வத்தலக்குண்டுச் சகோதரிக்கு என் தீர்ப்பு: உங்களுடையது 1972-க்கு முந்திய ஸ்வீடன் ஃபாஸிட். சாதாரண வகை, நல்ல நிலை. லட்சமில்லை, சில ஆயிரம். மூன்றாகப் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு மாத மளிகைக்குக் காணாது. இதை மூத்தாருக்கும் ஓரகத்திகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள். விற்பதானால் மூவர் முன்னிலையில் விற்றுவிடுங்கள். வைத்துக் கொள்வதானால், எந்த வீட்டுக் குழந்தை அதில் 347-ஐ 26-ஆல் பெருக்கிக் காட்டுகிறதோ அந்த வீட்டில் இருக்கட்டும்.

இன்னொன்று கேட்கிறேன். அதே பரணில் மாமனார் கையெழுத்தில் பேரேடு, குறிப்புப் புஸ்தகம், எந்த வருஷம் காபி என்ன விலை என்ற துண்டுக் காகிதம் ஏதாவது உண்டா? அதைக் கட்டி எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஃபாஸிட் உலகத்தில் எத்தனையோ. பட்டிவீரன்பட்டியில் காபி எடை போட்டு எழுதிய நோட்டு ஒன்றுதான். ராஜம் ஐயரும், சுப்பிரமணிய சிவாவும், பி. எஸ். ராமையாவும் பிறந்த ஊர்க்காரர்களுக்குக் கையெழுத்துக் காகிதத்தின் அருமையை நான் சொல்ல வேண்டுமா? சேகரிப்பவர்களும், 'இன்ன இடத்தில், இன்னார் உபயோகித்தது' என்று காகிதத்தோடு வரும் யந்திரத்துக்குத்தான் கூடக் கொடுப்பார்கள்.

ஆமாம், இத்தனை கெட்டிக்கார யந்திரம் எப்படித்தான் போயிற்று? 1961-ல் இங்கிலாந்தில் 'அனிதா' என்ற மின்னணுக் கணக்கு யந்திரம் வந்தது. பெயரைப் பார்த்தால் நம் வீட்டுப் பெண் மாதிரி இல்லை? பல்சக்கரம் இல்லை, கைப்பிடி இல்லை, சத்தமும் இல்லை. பிறகு ஜப்பான்காரர்கள் புகுந்தார்கள். பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குச் சோறு போட்ட ஃபாஸிட் கம்பெனி 1970-களின் தொடக்கத்தில் ஒன்றிரண்டு வருஷத்துக்குள் தடுமாறி விழுந்து, 1973-ல் எலக்ட்ரோலக்ஸ் கைக்குப் போயிற்று. ஆட்விடாபெர்க் போன்ற ஊருக்கு அது எப்படிப்பட்ட இடியாக இருந்திருக்கும் என்று, மில் மூடிய ஊர்களில் வாழ்ந்த நமக்குத் தெரியாதா?

சுத்தம் செய்வது பற்றி இரண்டு வார்த்தை. தேங்காய் எண்ணெய் விடாதீர்கள்! மார்கழிக் குளிரில் உறைந்து, அடுத்த வருஷம் பிசினாகிவிடும். புளி போட்டுப் பித்தளையைத் தேய்க்கிற பழக்கத்தையும் இதில் காட்டாதீர்கள். எழுத்துகள் அழிந்து போகும். உலர்ந்த வர்ணத் தூரிகையால் தூசியைத் தட்டி, மெல்லிய துணியைப் பிழிந்து மேலே துடைத்தால் போதும். எங்கேயாவது இறுக்கமிருந்தால் தையல் மிஷின் எண்ணெய் ஒரே சொட்டு, அதுவும் ஊசி முனையால். மறுநாள் பார்த்து, வேண்டுமானால் இன்னொரு சொட்டு. புது வர்ணம் அடிக்கவே கூடாது. அடித்தால் வாங்குகிறவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

பார்சலில் அனுப்புவதானால் எல்லா எண்ணையும் பூஜ்யமாக்கி, நகரும் பாகத்தை நடுவில் நிறுத்தி, கைப்பிடியைச் சுற்றிப் பழந்துணியைக் கெட்டியாகக் கட்டுங்கள். வழியில் முதலில் ஒடிவது கைப்பிடிதான். பெட்டிக்குள் பெட்டியாக வைத்து, இடைவெளியில் காகிதத்தைத் திணித்து, யந்திரத்தின் நம்பரைப் போட்டோ எடுத்துக் கொண்ட பிறகே அனுப்புங்கள். பணம் கைக்கு வந்த பிறகு அனுப்புங்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த வாரம், திண்டுக்கல் சகோதரி ஒருவர் கேட்டிருக்கும் பழைய இரும்புப் பெட்டிப் பூட்டு. சாவி தொலைந்து நாற்பது வருஷமாகிறதாம்; உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாதாம்!